வாடைக்கு முன்னர் வீடும் பட்டியும்

காலபோக விதைப்புக்கு முன்னர் எமது கமக்காரர் ஆற்றும் வேலைகள் பல. வரம்பு கட்டுவர், வாய்க்காலைத் துப்புரவு செய்வர், விதைநெல்லைக் காயவைத்து அதன் முளைதிறனைச் சோதிப்பர், உழவு இயந்திரம் வைத்திருப்போருடன் நாள் குறித்துக்கொள்வர். மரக்கறி செய்வோரும் அவ்வாறே பாத்திகளை உயர்த்தி, வடிகால் வெட்டி, மாரியை எதிர்பார்த்திருப்பர். ஆனால் அதே மாரியோடும், அதனுடன் வரும் வாடைக்காற்றோடும் மூன்று மாதம் வாழவேண்டிய வீட்டைப் பற்றியும், அவ்வீட்டில் உறங்கும் முதியவரையும் குழந்தையையும் பற்றியும், கொல்லையில் கட்டிய பசுவைப் பற்றியும் அத்துணை முன்யோசனை செய்யப்படுவதைக் காண்பது அரிது. வயலுக்கு ஆயத்தம் உண்டு, வீட்டிற்கு இல்லை. இது பிழையான கணக்கு என்பதே எமது கருத்து.

குளிருக்கு ஆயத்தஞ் செய்தல் பனி பெய்யும் நாட்டாருக்கு உரிய வேலை என்றும், வெப்பநாட்டவராகிய எமக்கு ஒரு போர்வையும் ஒரு குவளை மல்லித் தண்ணீரும் போதும் என்றும் எண்ணுவோர் பலர். இவ்வெண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2022 ஆம் ஆண்டு மார்கழி மாதம் எமக்குக் காட்டியது. மண்டோஸ் என்று பெயரிடப்பட்ட சூறாவளி வங்காள விரிகுடாவில் எமது கிழக்குக் கரைக்கு அப்பால் நகர்ந்து, டிசம்பர் 9 ஆம் நாள் இரவு தமிழ்நாட்டின் மாமல்லபுரத்துக்கு அருகே கரை கடந்தது. அது எமது கரையை நேரே தாக்கவில்லை. வீடுகளைப் பெயர்த்தெறியவுமில்லை. ஆயினும் அந்நாட்களில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை ஆகிய மாவட்டங்களில் பட்டியோடு பட்டியாக மாடுகள் விழுந்து கிடந்ததைப் பலர் கண்டனர். தொற்றுநோயோ, நஞ்சோ என்று முதலில் ஐயுற்றனர். உடற்கூறுகளைப் பரிசோதித்த கால்நடை வைத்தியர்கள் குளிரின் தாக்கமே காரணம் என்றனர்.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்நாட்களில் வெப்பமானி உறைநிலைக்கு அருகில் எங்கும் செல்லவில்லை. நுவரெலியாவில் ஒரு சாதாரண தை மாத இரவு அதனிலும் குளிர்ந்ததாயிருக்கும். அங்கே மாடுகள் கூட்டமாக மடிவதில்லை. அப்படியாயின் வன்னியில் அவை மடிந்தது எவ்வாறு?

வெப்பமானி காட்டும் எண் ஒன்றே குளிர் அன்று. உடம்பு இழக்கும் வெப்பமே குளிர். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். உலர்ந்த மயிருக்கிடையே தங்கும் காற்று விலங்குக்குக் கம்பளியாக உதவுகின்றது. மயிர் நனைந்தவுடன் அக்கம்பளி போய்விடுகின்றது. அதன்மேல் காற்று ஓயாது வீசினால், தோலிலுள்ள ஈரம் ஆவியாகி, எஞ்சிய வெப்பத்தையும் கவர்ந்து செல்கின்றது. குளிர்நாடுகளில் மாடு வளர்ப்போர் இதனைக் கணித்து வைத்துள்ளனர். அடர்ந்த உலர்ந்த மயிருள்ள நல்ல கொழுத்த மாடு உறைநிலை வரையும் வருந்தாது நிற்கும். அதே மாடு நனைந்துவிட்டால் ஏறக்குறைய 15 பாகை செல்சியசிலேயே தன் உடற்சூட்டைக் காக்கப் போராடத் தொடங்கும் என்பது அவர்களது கணக்கு. எமது மாடுகளோ மெல்லிய மயிருடையவை, வெப்பத்துக்குப் பழகியவை, மாரிக்காலத்தில் எலும்பு தெரிய மெலிந்தவை. ஆகவே அவை இன்னும் விரைவில் தளரும் என்பதற்கு நூலறிவு வேண்டியதில்லை.

ஈரம், காற்று, பசி ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போதே எமது நாட்டில் குளிர் கொல்கின்றது. இம்மூன்றுள் ஒன்றை நீக்கினாலும் பெரும்பாலான உயிர்கள் தப்பும். வானத்தின் குளிரை நாம் மாற்ற இயலாது. இம்மூன்றோ எமது கைக்கு எட்டியவை.

பசியைப் பற்றி நெற்செய்கையாளர் சிறிது சிந்தித்தல் நலம். சிறுபோகம் முடிந்து வயல் வெறிதாய்க் கிடக்கும் காலத்தில் மாடுகள் அங்கேயே மேய்கின்றன. ஐப்பசியில் விதைப்புத் தொடங்கியதும், பயிருக்குச் சேதம் வராதபடி பட்டிகள் வயலை விட்டு அகற்றப்படுகின்றன. இது வேண்டியதே. ஆனால் அவை செல்லுமிடம் எது? பற்றைக்காடும், நீர் தேங்கும் தரவையும், குளத்தின் மேற்புறத்துத் தாழ்நிலமும் அன்றி வேறில்லை. ஒதுங்க மரமில்லை, படுக்க மேட்டுநிலமில்லை, மேயப் போதிய புல்லுமில்லை. கார்த்திகை முழுவதும் அரைவயிற்றோடு நின்ற மாட்டின்மீது மார்கழியின் மூன்று நாள் மழையும் காற்றும் வந்து விழுகின்றன. மாட்டுக்காரரும் நெற்காரரும் வெவ்வேறு சாதியார் போலப் பேசுவது சில ஊர்களில் வழக்கமாயினும், பெரும்பாலான குடும்பங்களில் இருவரும் ஒருவரே, அல்லது ஒருவருக்கொருவர் மைத்துனரே.

அரைவயிற்றுக்கு மருந்து வயலிலேயே இருக்கின்றது. வைக்கோலைச் சொல்கின்றோம். அறுவடை இயந்திரம் வந்த பின்னர் வைக்கோல் வயலெங்கும் சிதறி விழுகின்றது. அதனைக் கூட்டி எடுப்பது வீண்வேலை என எண்ணித் தீ வைப்போர் இன்றும் உளர். மண்ணுக்குச் சேரவேண்டிய சாம்பரச்சத்தும் சேதனப்பொருளும் இதனால் வீணாவதைத் திணைக்களம் பலமுறை எடுத்துரைத்துள்ளது. அதனை மீண்டும் கூறுவது எமது நோக்கமன்று. எரிக்கப்பட்ட அந்த வைக்கோலே மார்கழியில் மாட்டுக்குத் தீனும், கன்றுக்குப் படுக்கையும், கொட்டிலின் காற்றுப்புறத்துக்கு மறைப்பும் ஆகியிருக்கும் என்பதே இங்கு கூறவேண்டியது. வைக்கோல் சத்துக் குறைந்த தீன் என்பது உண்மை. ஆயினும் நார்ப்பொருள் மாட்டின் முதலிரைப்பையில் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கின்றது. குளிரிரவில் வயிறு நிறைய வைக்கோல் தின்ற மாடு தன்னுள்ளேயே ஓர் அடுப்பை வைத்திருக்கின்றது எனலாம். மாலையில் வைக்கோலும், இயன்றால் சிறிது புண்ணாக்கும் தவிடும் கொடுத்தல் சாலச் சிறந்தது.

போர் வைக்கும் முறையிலும் கருத்து வேண்டும். நிலத்தில் நேரே குவித்த வைக்கோல் அடியிலிருந்து அழுகும். கற்களின்மீதோ தென்னங்குற்றிகளின்மீதோ பரண் அமைத்து, உச்சியைக் கூம்பாகக் கட்டி, கிடுகாலோ படங்காலோ மூடுக. பெரும்போகம் முடிந்த பின் மாசி, பங்குனியில் நன்றாக உலர்ந்த வைக்கோலை இவ்வாறு வைத்தால் அது அடுத்த மாரி வரையும் கெடாது. ஈரவைக்கோலை அடைந்து வைத்தல் ஆகாது. அது பூஞ்சணம் பிடிப்பதோடு சில வேளைகளில் உள்ளே சூடேறித் தானாகத் தீப்பற்றவும் கூடும்.

நூறு மாடுள்ள பட்டிக்குக் கொட்டில் கட்டுவது நடக்கிற காரியமா என்று கேட்பார் உளர். நடவாது என்பதே விடை. எல்லா மாட்டுக்கும் கூரை வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. பட்டியில் முதலில் விழுபவை கன்றுகளும், நிறைசினைப் பசுக்களும், கிழட்டு மாடுகளும், முன்னரே மெலிந்தவையுமே. அவற்றைக் கார்த்திகையிலேயே பிரித்தெடுத்து, அவற்றுக்கு மட்டும் ஒரு தாழ்ந்த கொட்டில் அமைத்தால் போதும். மற்றையவற்றுக்கு நீர் தேங்காத மேட்டுநிலமும், வடகிழக்குப் புறத்தில் காற்றைத் தடுக்கும் மரவரிசையோ பற்றையோ இருந்தால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். காட்டை முற்றாக வெட்டி வெளியாக்கிய இடத்தில் பட்டி அடைப்பவர், மாட்டின் போர்வையைத் தாமே உரிந்தெடுத்தவராவர். மாரிக்காலத்தில் ஈன்ற கன்றை உடனே வைக்கோலாலோ சாக்காலோ துடைத்து உலர்த்தி, முதற் சில மணி நேரத்துக்குள் கடும்புப்பாலைக் குடிப்பித்தல் வேண்டும். அப்பால் கன்றுக்கு நோயெதிர்ப்பைத் தருவதோடு முதல் வெப்பத்தையும் தருகின்றது. கால்மடித்து விழுந்த மாட்டை மழையிலேயே கிடக்கவிட்டு வைத்தியரைத் தேடி ஓடுவதிலும், முதலில் நால்வர் சேர்ந்து அதனைக் கூரையின் கீழ் இழுத்து, சாக்கால் தேய்த்து உலர்த்துவதே முறை.

கோழிக்குஞ்சு வளர்க்கும் வீட்டாருக்கு ஒரு சொல். முதற்கிழமைக் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை வரை சூடு வேண்டும். பின்னர் கிழமைக்கு ஏறக்குறைய 3 பாகை குறைக்கலாம். வெப்பமானி இல்லாதவர் குஞ்சுகளையே பார்த்தறியலாம். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கத்தினால் குளிர். விளக்கை விட்டு ஓரத்தில் ஒதுங்கி வாய் திறந்திருந்தால் சூடு மிகை. மாரியில் மின்சாரம் நிற்பது புதிதன்று. அதற்கு மாற்றுவழி எண்ணாமல் கார்த்திகையில் குஞ்சு வாங்குதல் விவேகமன்று.

இனி வீட்டுக்கு வருவோம். முன்னாளில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஆவணி, புரட்டாதியில் கிடுகு பின்னுவதும், கூரை வேய்வதும், வேலி அடைப்பதும் ஆண்டுதோறும் தவறாது நடந்த வேலைகள். வேலி அடைப்பைக் காணியெல்லைச் சண்டைக்கும் அயலார் கண்ணுக்கும் உரிய மறைப்பு என்றே பலர் கருதுவர். உண்மையில் அது காற்றுக்கும் மறைப்பாயிருந்தது. காற்றுத் தடுப்பில் ஒரு நுட்பமுண்டு. முழுவதும் அடைத்த மதில் காற்றை மேலே எறிகின்றது. அக்காற்று மதிலுக்கு அப்பால் சுழன்று விழுகின்றது. பாதியளவு இடைவெளியுள்ள வேலியோ மரவரிசையோ காற்றை வடிகட்டி வேகத்தைத் தணிக்கின்றது. அத்தணிவு வேலியின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரையும் உணரத்தக்கதாகும். ஆறடி உயரமான கிடுகு அல்லது பனையோலை வேலி, தன் பின்னே அறுபதடி முற்றத்தைக் காக்கின்றது. கம்பி வலையால் காணியை அடைத்தவர்களும், சீமெந்து மதில் எழுப்பியவர்களும் வீட்டின் வடகிழக்குப் புறத்திலேனும் கிளுவை, பூவரசு முதலியவற்றை நெருக்கமாக நட்டு வளர்த்தல் நன்று. நட்ட ஆண்டிலேயே பயன் தராது என்பதனாற்றான் அவ்வேலையை இவ்வாண்டே தொடங்கவேண்டும்.

ஓலைக்கூரையை மீண்டும் எல்லாரும் வேயவேண்டும் என்று நாம் கூறவில்லை. தீயும் கறையானும் ஆண்டுச்செலவும் அறியாதார் எவருமில்லை. ஆனால் தகரக்கூரை வந்தபோது அதன் குறையையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும். தகரம் பகலில் கொதிப்பது போலவே இரவில் விரைந்து குளிர்கின்றது. உள்ளே உறங்குவோரின் மூச்சிலுள்ள நீராவி அதன் அடிப்புறத்தில் துளிகளாகி விடியற்காலையில் பாயின்மேல் சொட்டுகின்றது. கூரை ஒழுகுகின்றது என்று பலர் தவறாக எண்ணுவது இதனையே. தகரத்தின் கீழே ஒரு முழ இடைவெளி விட்டு, பனையோலைப் பாயாலோ, துப்புரவான உரப்பைகளைப் பிரித்துத் தைத்த விரிப்பாலோ ஒரு மேற்றட்டு அமைத்தால், இடையில் அடைபட்ட காற்றே காப்பாகும். செலவு சிறிது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அடுப்பங்கரைக்கு மேலே மட்டும் இதனைச் செய்தலாகாது.

சுவருக்கும் கூரைக்கும் இடையே உள்ள திறப்பை வீட்டுக்காரர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வெயில்காலத்தில் காற்றோட்டம் தரும் அத்திறப்பு மாரியில் சாரலை உள்ளே கொணர்கின்றது. காற்று வரும் புறத்தை மட்டும் தட்டியால் மறைத்து, எதிர்ப்புறத்தை மேலே திறந்தபடி விடுக. வீட்டை முழுவதும் அடைத்தல் ஆகாது என்பதற்குக் காரணம் பின்னர் வரும். மேலும், சீமெந்துத் தரையில் பாய் மட்டும் விரித்துப் படுப்போர் இரவு முழுவதும் நிலத்துக்குச் சூட்டைக் கொடுத்துக்கொண்டே உறங்குகின்றனர். மேலே இரண்டு போர்வை போர்ப்பதிலும் கீழே ஒரு சாக்கும் வைக்கோல் மெத்தையும் இடுவது பயன் மிக்கது. கட்டிலோ பலகையோ ஒன்றே உள்ள வீட்டில் அது முதியவருக்கும் கைக்குழந்தையுடைய தாய்க்கும் உரியது. வீட்டுத் தலைவருக்கு அன்று.

மாரியில் துணி உலராது. ஆகவே ஆளுக்கொரு மாற்றுடை, ஒரு போர்வை, ஒரு சோடி காலுறை என்பனவற்றைப் பொலிதீன் பையில் கட்டிப் பெட்டியின் மேற்புறத்தில் வைத்துவிடுதல் வேண்டும். வேறெதற்கும் அதனை எடுத்தலாகாது. வெள்ளம் வந்து பாடசாலைக்கு ஒதுங்கவேண்டி நேரினும் அப்பை கையோடு வரும். 1964 டிசம்பரில் திருகோணமலை, மன்னார்ப் பகுதிகளையும், 1978 நவம்பரில் மட்டக்களப்பையும் தாக்கிய சூறாவளிகளும், 2008 நவம்பரில் வடக்கை மூழ்கடித்த நிசா புயலும் எல்லாம் இந்த இரண்டு மாதங்களுக்குள்ளேயே வந்தன. எமக்குப் பெருங்காற்றும் வெள்ளமும் குளிரும் தனித்தனியாக வருவதில்லை.

விறகைப் புரட்டாதி முடியுமுன் பிளந்து உலர்த்தி, கூரையின் கீழ் நிலம் படாமல் அடுக்கிவைக்க. ஈரவிறகு சூட்டைவிடப் புகையையே மிகுதியாகத் தரும். இரவு உணவு சூடாக இருத்தல் வேண்டும். ஒடியற் கூழும், குரக்கன் களியும், உழுத்தங்களியும் மாரிக்குரிய உணவாக எமது பாட்டிமாரால் தெரிந்தெடுக்கப்பட்டது வீணன்று. நன்றாக உண்டவனே நன்றாகச் சூடு தாங்குவான். பகல் வடித்த சோற்றை இரவில் குளிரக் குளிர உண்டு படுக்கும் வழக்கத்தை அடைமழை நாட்களிலேனும் கைவிடுதல் நலம்.

தீயைப் பற்றி நாம் கடுமையாகவே பேச விரும்புகின்றோம். குளிரிரவில் தணற்சட்டியை உறங்கும் அறைக்குள் கொண்டுவந்து, கதவு யன்னல்களை அடைத்துப் படுக்கும் வழக்கம் மலைநாட்டில் பரவலாகவும், கீழ்நாட்டில் ஆங்காங்கும் உள்ளது. பிள்ளை பெற்ற வீட்டில் இது கட்டாயம் என்பாரும் உளர். புகையில்லாத கரித்தணல் தீங்கற்றது என்பது தவறான எண்ணம். கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு தோன்றுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிப்பதுமில்லை. இரத்தம் ஒட்சிசனை ஏற்பதை அது தடுக்கின்றது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்பன முதற்குறிகள், உறங்குபவன் அவற்றை அறியான், அறியாமலே மாள்வான். தணலை அறைக்குள் வைத்துச் சூடேற்றினாலும், படுக்குமுன் அதனை வெளியே எடுத்துச் சென்று அணைத்தே தீரவேண்டும். மின்சாரம் நின்ற வேளையில் பிறப்பாக்கி இயந்திரத்தை விறாந்தையில் வைத்து ஓட்டுவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முன்னே கூறியபடி சுவரின் ஒருபுற மேற்றிறப்பை மூடாமல் விடுமாறு சொன்னதும் இதற்காகவே.

குளிருக்குச் சாராயம் நல்லது என்னும் கொள்கைக்கு ஆதரவாளர் பலர். அவர்களுட் சிலர் கோடையிலும் அதே கொள்கையுடையோர். மது தோலுக்கு அருகேயுள்ள குருதிக் குழாய்களை விரியச் செய்வதால் உடம்பு சூடேறியது போன்ற உணர்ச்சி உண்டாகின்றது. உண்மையில் அகச்சூடே வெளியே போய்க்கொண்டிருக்கின்றது. குடித்துவிட்டு மழையில் வரம்போரம் விழுந்து கிடப்பவனுக்கு வரும் ஆபத்து இதனால் இரட்டிக்கின்றது.

மனித உடம்பின் அகச்சூடு 37 பாகை செல்சியசு. அது 35 பாகைக்குக் கீழிறங்கினால் உயிருக்கு ஆபத்து. முதியவர் நடுங்காமலேயே குளிர்ந்துவிடுதல் உண்டு. பேச்சுத் தடுமாறுதல், கைவிரல் சொற்கேளாமை, காரணமின்றி உறக்கம் மிகுதல் என்பவற்றைக் கண்டால் 'அப்புவுக்கு அசதி' என்று விட்டுவிடாதீர்கள். கடுமையாக நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் அது தேறியதன் குறியன்று, மோசமானதன் குறி. ஈர உடையைக் களைந்து, உலர்ந்த போர்வையால் தலையையும் சேர்த்து மூடி, நினைவுள்ளவராயின் சூடான இனிப்புப் பானம் கொடுத்து, விரைவில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. கைகால்களை முரட்டுத்தனமாகத் தேய்த்தலும், நெருப்பருகே இருத்தலும் கூடாது. கைக்குழந்தைக்குத் தாயின் மார்போடு ஒட்டிய தோற்சூட்டிலும் சிறந்த அடுப்பு வேறில்லை; தலைக்கு ஒரு துணித்தொப்பி போதும்.

வயலிலே முழங்கால் நீரில் நின்று களை பிடுங்கி வருவோர் வீட்டுவாசலிலேயே ஈர உடையை மாற்றும் வழக்கத்தை மேற்கொள்ளுதல் வேண்டும். காய்ச்சல் வந்தால் 'குளிர் பிடித்துவிட்டது' என்று தாமே முடிவு கட்டுதல் தகாது. வெள்ளத்தின் பின் வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சலும் இதே போன்று தொடங்கும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது பல உயிர்களைக் கவர்ந்தது.

இதுகாறும் கூறியவை பெரும்பாலும் வாடைக்காற்று வீசும் தாழ்நிலத்தார்க்கு உரியன. மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளரின் குளிர் வேறு இயல்புடையது. உயரம் 1,000 மீற்றர் கூடுந்தோறும் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறையும் என்பர். 1,800 மீற்றருக்கு மேலே கிடக்கும் நுவரெலியாவிலும், அதனைச் சூழ்ந்த கந்தப்பளை, சீத்தாஎலிய முதலிய இடங்களிலும் தை, மாசி மாதங்களில் உறைபனி விழுகின்றது. தாழ்நிலத்தார் முகிலையும் காற்றையும் அஞ்சவேண்டும். மலைநாட்டாரோ முகிலற்ற வானத்தையும் அசையாத காற்றையும் அஞ்சவேண்டும். மாலையில் விண்மீன்கள் தெளிவாகத் தோன்றி, இலை அசையாது நின்றால், நிலம் தன் சூட்டை வானத்துக்கு இழந்துகொண்டிருக்கின்றது என அறிக. அவ்விரவில் மனிதனின் தலையளவு உயரத்தில் வெப்பமானி 3 பாகை காட்டும்போதே புல்லின்மேல் பனி உறைந்துவிடக்கூடும்.

குளிர்ந்த காற்று கனமானது. அது நீரைப்போல் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆதலின் பள்ளத்தாக்கின் அடியிலுள்ள வீடும் உருளைக்கிழங்குப் பாத்தியும், மேற்சரிவிலுள்ளவற்றிலும் மிகுதியாகக் குளிரும். சரிவுக்குக் குறுக்கே கீழ்ப்புறத்தில் அடர்ந்த வேலி அமைப்பவர் அக்குளிர்க்காற்றைத் தம் முற்றத்திலேயே அணைகட்டி வைக்கின்றனர். கீழ்ப்புறத்தில் ஒரு வழி திறந்து விடுக. மேற்புறத்தில் வேலியை நெருக்கமாக்குக. கோவா, கரட், லீக்ஸ் முதலியன ஓரளவு தாங்கும். உருளைக்கிழங்கும் போஞ்சியும் தாங்கா. நாற்றுமேடையை மாலையிலேயே வைக்கோலாலோ மானாப்புல்லாலோ மூடி, வெயில் ஏறியபின் திறத்தல் வேண்டும்.

அங்கும் வீட்டைப் பற்றிய கவனம் தோட்டத்தைப் பற்றிய கவனத்துக்குப் பின்னேயே நிற்கின்றது. தோட்டங்களின் லயன் அறைகளில் அடுப்பும் உறக்கமும் ஒரே அறையில் நிகழ்கின்றன, யன்னல் சிறிது, புகைபோக்கி பெரும்பாலும் இல்லை. அங்கு வாழும் குடும்பங்களிடம் முன்யோசனை இல்லை என்று குறைகூறுவது நியாயமன்று. ஒரு கதவைத் திறப்பதா, குளிரை விடுவதா என்பதைத் தவிர அவர்களுக்குத் தெரிவு ஏதும் கொடுக்கப்படவில்லை. புகைபோக்கியுள்ள அடுப்பும், உறங்குவதற்குத் தனியறையும் உடைய வீடு குளிருக்கான முதற்காப்பு. அதனைச் செய்யவேண்டியோர் யார் என்பதைப் பற்றிய வாதம் நீண்டது. ஆயினும் தம் பாத்தி ஓரத்தில் சொந்தமாகச் சிறுவீடு அமைக்கும் செய்கையாளர், திட்டம் வரையும்போதே அடுப்பைச் சுவருக்கு மறுபுறத்தில் வைத்துக்கொள்ளத் தடை ஏதுமில்லை. அடுப்பின் பின்சுவர் உறங்கும் அறையின் சுவராக அமைந்தால், தீயின் சூடு கல்லில் ஏறி இரவின் முற்பாதி வரை அறைக்குக் கிடைக்கும், புகையோ வராது.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல்கள் வானொலியிலும் கைத்தொலைபேசியிலும் வருகின்றன. 'சூறாவளி எமது கரையைத் தாக்காது' என்ற சொல்லைக் கேட்டதும் பலர் மனம் ஆறிவிடுகின்றனர். 2022 இல் நேர்ந்தது இதுவே. தாக்காத சூறாவளியும் இரண்டு மூன்று நாள் மழையையும் குளிர்காற்றையும் இழுத்துவரும். அவ்வறிவித்தல் வந்த நாளிலேயே மெலிந்த மாடுகளைக் கொட்டிலுக்குக் கொணர்தல், தனித்து வாழும் முதியவரை அயல்வீட்டுக்கு அழைத்தல், விறகை உள்ளே எடுத்தல் ஆகிய மூன்றையும் செய்துவிடலாம். கமக்காரர் அமைப்புகள் மாரிக்கு முன் கூடி வாய்க்கால் வேலையைப் பங்கிடும்போது, எந்தப் பட்டி எந்த மேட்டுக்கு ஒதுங்கும் என்பதையும் அக்கூட்டத்திலேயே முடிவுசெய்தால், மழையிரவில் வேலி முறித்தது யாருடைய மாடு என்ற வழக்கு எழாது.

மாசியில் வெயில் ஏறியதும் கம்பளிகளையும் சாக்குகளையும் இரண்டு நாள் நன்றாகக் காயவைத்து, வேப்பிலை இட்டுக் கட்டிப் பரணில் ஏற்றுக. படங்கை மடிக்குமுன் கிழிந்த இடங்களைத் தைத்துவிடுக. அறுவடை இயந்திரம் வயலை விட்டு ஏறிய மறுநாளே, தீப்பெட்டியை எடுக்குமுன், வீட்டு மாட்டுக்கு எத்தனை கட்டு வைக்கோல் வேண்டும் என்று எண்ணிக் கட்டிக்கொள்க.